பீலிக் குழாயில் வந்த கரண்ட்

மீன் தொட்டி மோட்டாரின் "கொர்ர்" சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு ஈரச் சிமெண்டின் வாடையும் கூடவே வருகிறது. அந்தச் சத்தமே எனக்குப் பிடிக்காது. சொன்னால் வீட்டில் யார் கேட்கிறார்கள்?

தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீடான காம்பராவுக்கு முதன்முதலில் மீன் தொட்டி கொண்டுவந்தவன் என் அண்ணன். கொழும்பில் வளர்ப்பு மீன் கடையில் வேலை பார்த்தவன், தீபாவளிக்கு வரும்போது கண்ணாடித் தொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்து சேர்ந்தான். மலைக் குளிரில் மீன் விறைத்துப் போகும் என்று தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரும் வாங்கியிருந்தான். லயத்துப் பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு பார்க்க, அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த இரண்டு வயர்தான் கரண்ட். "ஏர்த்" என்பது பேச்சுக்கும் கிடையாது. தொட்டித் தண்ணீரில் விரலை வைத்தால் லேசாகச் சுரீர் என்றது. அண்ணன் ஒரு செப்புக் கம்பியைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் கொல்லைப்புறம் ஓடிய இரும்புக் குழாயில் இறுக்கிக் கட்டினான். லயமே தண்ணீர் பிடிக்கும் பொதுப் பீலிக்குப் போகும் குழாய் அது. இரும்பு மண்ணுக்குள் போகிறது, கரண்டும் மண்ணுக்குப் போய்விடும் என்று நினைத்தான். குழாய் உடைந்தபோதெல்லாம் மண்ணுக்கடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டியிருந்தது, அதைத் தாண்டிக் கரண்ட் மண்ணுக்குப் போகாது என்பது யாருக்கு நினைவிருந்தது? தொட்டியில் சுரீர் குறைந்தது. அவனும் நிம்மதியாகக் கொழும்புக்குத் திரும்பினான்.

அதன்பிறகு, விடிந்ததும் அன்றைய வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் பீலியில் தண்ணீர் பிடித்த பெண்கள் கை விறுவிறுக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். "தண்ணி கடிக்குதுடி" என்பாள் ஒருத்தி. மார்கழிக் குளிர், கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த விரல்கள், கடிக்கத்தானே செய்யும்? கையை உதறிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மாவும் அப்படித்தான் போனார்.

ஒரு விடிகாலையில் ஹீட்டரின் கண்ணாடி வெடித்து, முழுக் கரண்டும் தண்ணீரில் இறங்கிக் கம்பி வழியே குழாய்க்குப் போயிருக்கிறது. ஈரச் சிமெண்டில் நின்று பீலியைத் திறந்த அம்மாவின் கை குழாயோடு ஒட்டிக்கொண்டது, சத்தம்கூட வரவில்லை. பக்கத்துக் காம்பரா புஷ்பம் அக்கா அடுப்புக்கு வைத்திருந்த, தேயிலைச் செடியில் வெட்டிக் காய்ந்த மிலாறுக் கட்டையை எடுத்து அந்தக் கையில் ஓங்கி அடித்திராவிட்டால் அம்மா இன்று இல்லை. உயிர் தப்பியது. ஆனால் வலக்கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை, கொழுந்து வேலையும் அத்தோடு போயிற்று. சேதி கேட்டு ஓடிவந்த அண்ணன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அம்மா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

இப்போது ஹட்டனில் என் மகள் நச்சரித்து ஒரு தொட்டி வாங்கிவிட்டாள். ஆள் பிடித்து மண்ணில் தனியாக ஏர்த் கம்பி இறக்கி, கரண்ட் கசிந்தால் தானே அணையும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று அமுக்கிப் பார்த்து, வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் தரையில் சொட்டும்படி வயரைத் தாழத் தொங்கவிட்டு, தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாவற்றையும் அணைத்துவிடு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. லயத்தில் இன்று அந்த இரும்புக் குழாயும் இல்லை, பொதுப் பீலியும் இல்லை. புஷ்பம் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேவிட்டேன், அத்தனை நாளும் கரண்ட் அடித்திருக்கிறதே, உங்களில் ஒருவருக்குமா அது குளிர் இல்லை என்று தெரியவில்லை என்று. அம்மா மீன்களைப் பார்த்தபடியே சொன்னார்:

"கை வலிக்காம ஒரு நாளாவது விடிஞ்சிருந்தாத்தானப்பா வித்தியாசம் தெரியும்."