உயிரோடிருந்த மயினிக்கு ஒரு பூடம்

நான் மூன்றாம் கிளாஸைத் தாண்டாதவன். ஆனாலும் கோட்டாற்றுச் சந்தையில் வாழைக்குலை வியாபாரத்தில் என் வாயை ஜெயித்தவன் கிடையாது. தலைச்சுமையில் தொடங்கி, சொந்த வில்வண்டி வரைக்கும் வந்தேன். ஒருத்தன் கைதூக்கி விடவில்லை. எல்லாம் இந்த வாய் சம்பாதித்தது. அந்த வாய் அடைத்துப்போனதைத்தான் சொல்லவந்தேன்.

என் அண்ணன் ஒரு ஐப்பசி மழையில் செத்தான். ஊர்க்குளம் நிரம்பி, கரை உடையப் பார்த்தது. மடைப்பலகை சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. அண்ணன் முங்கித் திறந்துவிட்டான். தண்ணீர் அவனையும் மடைக்குள் இழுத்துக்கொண்டது. கரை தப்பியது. அண்ணன் பெண்டாட்டி, என் மயினி, அப்போது இடுப்பில் பெண்குழந்தையோடு நின்றாள். பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் அந்தக் குளம் பாயும் வயலிலேயே களை பறிக்க இறங்கினாள்.

அண்ணன் கதையைக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகப் பாடினார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டாக்கி என்று பேசும்படம் வந்த பிறகு எவனோ அதைக் கேட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்தான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, மயினியை நாகர்கோவில் கொட்டகைக்கு வண்டியில் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றவளிடம், அண்ணனை இன்னொரு தடவை பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அப்புறம் அவள் மறுக்கவில்லை.

அண்ணனாக வந்தவன் ஒரு தடியன். முங்கும் முன் ஒரு பாட்டு, முங்கி எழுந்து ஒரு பாட்டு. என் அண்ணனுக்குக் கொன்னல். சொந்தப் பேரைச் சொல்லவே திக்கித் திணறுவான். பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு அப்பாலிருந்து மயினி சிரித்தாள்.

“உங்கண்ணன் இப்பிடிப் பாடியிருந்தா குளம் தானா வத்தியிருக்கும், மக்கா.”

பிறகு படத்து மயினி வந்தாள். கூந்தலை அவிழ்த்து, தாலியைக் கண்ணில் ஒற்றி, குளத்தில் குதித்துச் செத்துப்போனாள். கொட்டகைப் பெண்கள் குரவையிட்டுக் கும்பிட்டார்கள்.

திரும்பும் வழியில் மயினி வண்டிக்குள்ளிருந்து சொன்னாள்: “நான் சாகலைன்னு அதுல ஒரு எழுத்து போடச் சொல்லு, மக்கா. பிள்ளைக்கு கஞ்சி குடுக்க உசுரோட இருந்தேன்னு போடச் சொல்லு.”

கொட்டகைக்குப் படத்தைக் கொண்டுவந்தவனிடம் போய், நான் யார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி எல்லாவற்றையும் கேட்டான்.

“களை பறிச்சிட்டு இருக்கவளுக்கு எவன் வே அழுவான்?”

வண்டியைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அகாலத்தில் செத்தவர்களுக்குச் செங்கல் அடுக்கிப் பூடம் கட்டி விளக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குளக்கரையில் அண்ணனுக்கு ஒன்று உண்டு. படம் ஊர் ஊராகப் போன பிறகு, வெளியூர்க்காரர்கள் வந்து பக்கத்திலேயே மயினிக்கும் ஒன்று கட்டினார்கள். எங்கள் ஊரில் ஒருத்தனும் தடுக்கவில்லை. கடப்பாரையோடு கிளம்பிய என்னை மயினிதான் நிறுத்தினாள். விளக்கு எரிகிற இடத்தில் கை வைக்காதே என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் குலை ஏற்றிய வண்டியோடு அந்த வழியே வந்தேன். திருவட்டாற்றுப் பக்கத்துக்காரி ஒருத்தி அவளிடம் பூடத்துக்கு வழி கேட்டாள். மயினி அரிவாளை நீட்டிக் காட்டினாள். கும்பிட்டுத் திரும்பியவள் எதிர்ப்பட்ட பெண்களுக்கெல்லாம் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்தாள். மயினியும் கையை நீட்டிவிட்டாள். என்ன நினைத்து நீட்டினாளோ. வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் அந்தப் பெண் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

“ஒண்ணும் நெனைக்காதீங்கக்கா. புருசனோட போன அம்மைக்க குங்குமம்லா இது.”

இவள்தானடி அவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மயினி என்னைப் பார்த்த பார்வையில் அது அப்படியே நின்றுபோயிற்று. நீட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, புல்கட்டைத் தலையில் தூக்கி வைக்கச் சொன்னாள்.

தூக்கி வைத்தேன்.