றப்பர் பிடிக்குள் இருந்த இலக்கம்

1998 யூன் 6 — 240 டொலர்
2001 செப்டெம்பர் 22 — 310 டொலர்
2007 மே 12 — 425 டொலர்
2015 ஒக்டோபர் 3 — 560 டொலர்
2023 நவம்பர் 27 — 12 டொலர் 65 சதம்

முதல் நான்கும் சிவானந்தம் வாங்கிய நான்கு றிவோல்வர்களின் விலை. நான்கும் ஒரு காலத்தில் பொலிஸ்காரரின் இடுப்பில் தொங்கியவை. ஐந்தாவது, அவற்றில் ஒன்றைப் பற்றி அவர் அனுப்பிய பதிவுத் தபாலுக்குக் கட்டியது. அந்தத் தபாலைப் போட்ட பிறகு நூற்றெட்டு நாட்கள் அவர் வாசல் மணிச் சத்தத்துக்குப் பயந்து சீவித்தார்.

சிவானந்தம் மட்டக்களப்பு ஆள். பிறந்தது 1954. அங்கே கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், துப்பாக்கிகளுக்கு, அங்கத்தைய பேச்சில் துவக்குகளுக்கு, அனுமதிப்பத்திரம் கொடுக்கும் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தார். 1986இல் மொன்றியலுக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலையில் முப்பது வருடங்களுக்கு மேல் நின்று, 2019இல் ஓய்வு பெற்றார். மனைவி றோசலின் ஒரு கார்தறியில், பிரெஞ்சுக்காரரின் பிள்ளைக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அதனால் வீட்டில் பிரெஞ்சு அவருடைய பொறுப்பு. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் நடுமாடியில் இருவரும் இருந்தார்கள்.

பொலிஸைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிற மனுசன் பொலிஸ் றிவோல்வர் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் இங்கே பொலிஸார் றிவோல்வரை விட்டுப் புதிய பிஸ்டலுக்கு மாறினார்கள். விமான நிலையத்தில் காவல் வேலை செய்த ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் தன் பழைய றிவோல்வரை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பத்தொன்பது வருடம் இடுப்பில் வைத்திருந்தும் பயிற்சித் திடலுக்கு வெளியே ஒரு தடவைகூடச் சுடவில்லை என்றார். சிவானந்தம் நம்பவில்லை. விசாரித்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. சட்டப்படி பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, அந்தத் துவக்கையே வாங்கினார். பிறகு அதன் இலக்கத்தை வைத்துக்கொண்டு பழைய அறிக்கைகளையும் அந்த ஆளோடு வேலை செய்தவர்களையும் தேடிப் போனார். பதினான்கு மாதத்தில் உண்மை என்று தெரிந்தது. ஒரு பொலிஸ்காரனின் துவக்கு பத்தொன்பது வருடம் எவரையும் சுடாமல் இருந்திருக்கிறது என்பதை எழுத்தில் கண்ட அன்று, அவர் றோசலினைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

அதன் பிறகு மூன்று வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு: யார் வைத்திருந்தது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, சுட்டதா இல்லையா. ஒரு குண்டுகூட அவரிடம் இருந்ததில்லை. நான்கும் படுக்கையறை அலுமாரிக்குள், இரும்புப் பெட்டிக்குள், தனித்தனிப் பூட்டோடு கிடந்தன. வருடத்தில் இரண்டு தடவை எடுத்து எண்ணெய் போட்டு மறுபடி பூட்டுவார். அந்த வேளையில் றோசலின் குசினிக்குள், அடுப்படிக்கு, போய்விடுவார்.

இரண்டாவது றிவோல்வரை விற்றவர் மதாம் றொஷ்லோ. அதே வட்டாரத்தில் இருந்த ஒரு பொலிஸ்காரரின் விதவை. துவக்குகளை எல்லாம் புதிய படிவத்தில் மறுபடி பதிய வேண்டியிருந்த காலம் அது. மதாம் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, உங்கள் கையெழுத்து வடிவானது, படிவத்தை நீங்களே நிரப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். சிவானந்தம் ஆறுதலாக, அவசரப்படாமல் இருந்து நிரப்பினார்: டி 467308. மதாம் கையெழுத்திட்டார். சில வாரங்களில் பதிவுப் பத்திரம் வந்தது. அந்த இலக்கத்தைத் தன் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினார்.

2023இல் அந்தக் கோப்பில் ஒரேயொரு கட்டம் வெறுமையாக இருந்தது. றிவோல்வர் அந்தப் பொலிஸ்காரருக்கு எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்ற கட்டம். பழைய பொலிஸ் சாமான்களைப் பற்றி ஆராயும் முசியே பெலில் என்பவரிடம் பெரிய பட்டியல் ஒன்று இருப்பதாக அறிந்து அவருக்கு எழுதிக் கேட்டார். நவம்பர் 21ஆம் திகதி பதில் வந்தது. 467308 என்று ஒரு துவக்கு அந்தப் படையில் இருந்ததே இல்லை. 461308 இருக்கிறது. மதாமின் கணவர் றொஷ்லோவுக்கு 1974 ஏப்ரலில் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடியில் ஒரு வரி: உங்கள் ஏழு, ஏழுதானா?

இலக்கம் பிடியின் அடியில்தான் வெட்டப்பட்டிருக்கும். ஆனால் றொஷ்லோ தன் கைக்கு வசதியாக மரப்பிடியைக் கழற்றி றப்பர் பிடி போட்டிருந்தார். அது அடிப்பக்கத்தையும் மூடிவிடும். ஒரேயொரு திருகாணி. இருபத்திரண்டு வருடங்களாக சிவானந்தம் அந்தத் திருகாணியைக் கழற்றவில்லை. பதிவேட்டில் இலக்கம் இருக்கும்போது இரும்பை ஏன் பார்க்க வேண்டும்?

அன்று கழற்றினார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நான்கு, ஆறு, ஒன்று.

மதாமின் துண்டைக் கோப்பில் இருந்து எடுத்து ஜன்னலோரம் பிடித்தார். இங்கத்தைய ஆட்கள் ஒன்று எழுதினால் அதற்கு நீளமான மூக்கு வைத்து எழுதுவார்கள். ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். மட்டக்களப்பில் படித்தவருக்கு ஒன்று என்றால் நேராக ஒரு கோடு. மூக்கு வைத்தால் அது ஏழு. அந்த இலக்கத்தில் உண்மையான ஏழு ஒன்றும் இருந்திருந்தால், குறுக்குக் கோட்டைப் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். ஏழே இல்லாத இலக்கம் அது.

துண்டோடு போய்க் கட்டிலில் இருந்தார். பத்திரத்தில் இருப்பது உலகத்தில் அவர் கண்டிராத ஒரு துவக்கு. கையில் இருப்பது ஒருநாளும் பதியப்படாத துவக்கு. புதிதாகப் பதியவும் வழி இல்லை, ஏனென்றால் 2022 ஒக்டோபரில் கைத்துவக்குகளை ஒருவர் பெயருக்கு மாற்றுவதையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. பதியாத கைத்துவக்கை வைத்திருந்தால் மறியல், சிறை. அந்தச் சட்டப் பிரிவு அவருக்கு மனப்பாடம்.

பயத்துக்கு இன்னுமொரு வேர் இருந்தது. 1984இல் மட்டக்களப்பில் அனுமதிபெற்ற துவக்குகளை எல்லாம் கச்சேரியில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அருமைராசா என்ற, வயல் செய்யும் கமக்காரர் ஒப்படைத்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு போனார். சீட்டை எழுதியது பக்கத்து மேசைக்காரர். சரிபார்த்ததாக ஒப்பம் வைத்தது சிவானந்தம். சரிபார்க்கவில்லை, வரிசை நீளமாக இருந்தது. ஒரு இலக்கம் பிழை. சோதனைச் சாவடியில் சீட்டையும் அனுமதிப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்த பொலிஸ்காரர்கள், அப்ப உன்ர துவக்கு எங்கே என்று கேட்டு ஆளைக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கழித்து அருமைராசா திரும்பி வந்தபோது வலது காது கேட்காது. ஒரு இலக்கம் ஒரு மனுசனைக் கொண்டுபோகும் என்பது சிவானந்தத்துக்கு அன்றிலிருந்து தெரியும்.

ஐந்து நாள் அவர் எவருக்கும் சொல்லவில்லை. தெருமுனை டெப்பனர் கடை வாசலில் பொலிஸ் கார் நின்றால் பால் வாங்காமல் திரும்பினார். மேல்மாடியில் யாராவது கதிரையை இழுத்தால் எழும்பி நின்றார். ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியில் கூட்டப்போன றோசலின் ஒரு சின்னப் பையைக் கண்டெடுத்தார். உள்ளே இடுப்பில் கட்டுகிற ஒரு சாரம், துவட்டத் துவாய், பல்துலக்கி, சீனி வருத்தத்துக்கு விழுங்கும் குளிசை, குடியுரிமைப் பத்திரத்தின் பிரதி.

"இஞ்சேருங்க, எங்க பயணம்?" என்று கேட்டார்.

சிவானந்தம் முழுவதையும் சொன்னார். றோசலின் பையைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சாரத்தை எடுத்து மடித்து மடியில் வைத்தார்.

"மொன்றியல் மறியலுக்குள்ள சாரம் கட்ட விடுவாங்களா?" என்றார். சிரிக்கவில்லை.

மேல்மாடியில் இருந்த யோகேந்திரன் யாழ்ப்பாண ஆள், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்பவர். எதற்கும் உடனே வழி சொல்லுவார். அவரைக் கூப்பிட்டது றோசலின்தான். விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, பின்னால ஆறு ஓடுது. கொண்டுபோய் எறிஞ்சுபோட்டுப் பேசாம இருங்கோ. பேந்து ஆர் வந்து கேக்கப்போறான்?"

"எறியலாம் தம்பி. மறுகா இவர் பதிவேட்டில என்ன எழுதுவார்?" என்றார் றோசலின். "ஆற்றில் எண்டு எழுதுவார். நேரமும் போடுவார்."

யோகேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவானந்தத்துக்கு வரவில்லை. அவர் உண்மையிலேயே அதை யோசித்துப் பார்த்திருந்தார். ஆற்றில் எறிந்தாலும் இலக்கம் பிழை என்பது முசியே பெலிலுக்குத் தெரியும். தானாகப் போய்ச் சொல்லுகிறவனுக்கும் பிடிபடுகிறவனுக்கும் இந்த நாட்டில் வித்தியாசம் இருக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது.

அன்றிரவே எழுதத் தொடங்கினார். மூன்று பக்கம். மதாமின் துண்டின் படம், பிடியின் அடியின் படம், பெலிலின் கடிதம். நான்காவது பக்கத்தில் இரண்டு வரிசை இலக்கங்கள் எழுதினார். மேலே மட்டக்களப்பில் எழுதுகிற ஒன்றும் ஏழும், கீழே இங்கே எழுதுகிற ஒன்றும் ஏழும். பிழை என்னுடையது, மதாம் றொஷ்லோவின் பிழை அல்ல என்று முடித்தார். திங்கட்கிழமை துப்பாக்கிப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

டிசெம்பர் 12ஆம் திகதி சிறு பதில் ஒன்று வந்தது. கடிதம் கிடைத்தது, அலுவலர்கள் வருவார்கள், அதுவரை பொருளை இருக்கிற இடத்தில் இருந்து அசைக்க வேண்டாம். எப்போது வருவார்கள் என்று இல்லை. அசைக்க வேண்டாம் என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. இரும்புப் பெட்டி இருந்த அலுமாரியையே திறக்க விடவில்லை. றோசலினின் நத்தார்ச் சேலை, கிறிஸ்மஸ் பூசைக்கு வாங்கியது, அதற்குள் இருந்தது. நத்தார்ப் பூசைக்கு அவர் பழைய சேலையோடு போய்வந்து, இரண்டு நாள் புருசனோடு கதைக்கவில்லை. பூசை நேரம் சிவானந்தம் வீட்டிலேயே நின்றார். அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார்.

ஜனவரி பிறந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் மேலங்கியைப் போட்டு, பையைக் கையில் எடுத்து, பிறகுதான் கதவுக்குப் போவார். ஒரு தடவை தபால்காரி, இரண்டு தடவை யோகேந்திரன்.

ஜனவரி 18, காலை ஒன்பது இருபதுக்கு வந்தவர்கள் சீருடை போட்ட அந்த அலுவலர்கள்தான். நரைத்த மீசையோடு ஒருவர், இளவயதுப் பெண் ஒருவர். சப்பாத்தில் இருந்து பனி உருகி வரவேற்பறை எல்லாம் தண்ணீர். றோசலின் அதைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். பெட்டியின் இரகசிய இலக்கத்தைச் சிவானந்தம் இரண்டு தடவை பிழையாகத் திருப்பினார். மூன்றாம் தடவை திறந்தது. விசாரணை முடியும் வரை நான்கையும் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பற்றுச்சீட்டு எழுதினார். எழுதி முடித்துக் கிழித்து நீட்டினார். சிவானந்தம் வாசித்தார். இரண்டாவது வரி. டி 46, பிறகு மூக்கு வைத்த ஒரு கோடு.

சீருடைக்காரர் கொடுத்த கடதாசியில் பிழை கண்டுபிடித்துச் சொல்லுகிற பழக்கம் அவருடைய வாழ்க்கையில் இல்லை. நன்றி சொல்லி மடித்து வைத்துவிடலாம். றோசலின் கேட்க வேண்டாம் என்று கண்ணால் காட்டினார்.

"மதாம், இது ஒன்றா, ஏழா?" என்று சிவானந்தம் பிரெஞ்சிலேயே கேட்டார்.

ஒன்று, பார்த்தால் தெரியவில்லையா என்றார் அந்தப் பெண்.

"எனக்குத் தெரியாது. எழுத்திலும் எழுதித் தாருங்கள்."

அந்தப் பெண் மீசைக்காரரைப் பார்த்தார். அவர் எழுதிக் கொடு என்று தலையாட்டினார். பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நான்கு, ஆறு, ஒன்று, மூன்று, பூச்சியம், எட்டு என்று எழுத்தில் எழுதினார். சிவானந்தம் துவக்கையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். நான்கு துவக்குக்கும் பார்த்தார். பதினொரு நிமிடம் எடுத்தது. பிறகுதான் ஒப்பம் வைத்தார்.

ஒப்பம் வைத்ததும் பையை எடுத்துக்கொண்டு கதவடியில் போய் நின்றார். மீசைக்காரர் அந்தப் பை என்னத்துக்கு என்று கேட்டார்.

"நான் ஆயத்தம்," என்றார் சிவானந்தம்.

அவர் பையையும் சிவானந்தத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இன்றைக்கு நீங்கள் எங்கேயும் போகத் தேவையில்லை, வழக்கா இல்லையா என்பதைக் கடிதம் சொல்லும் என்று றோசலினிடம் மெதுவாகச் சொன்னார். இன்றைக்கு என்ற சொல்லை சிவானந்தம் கவனித்தார். அதனால் பை கதவடியிலேயே இருந்தது. பெப்ரவரியில் றோசலின் அதில் இருந்து பல்துலக்கியை எடுத்துவிட்டு புதிதாக ஒன்று வாங்கி வைத்தார், சிவானந்தத்தின் வீட்டுப் பல்துலக்கி தேய்ந்துவிட்டதால். மணி அடித்தால் இப்போது றோசலினும் எழும்பி நின்றார்.

கடைசிக் கடிதம் மெல்லிய உறையில் வந்தது. சிவானந்தத்தால் பிரிக்க முடியவில்லை. விரல் ஒட்டிய இடத்தில் வழுக்கியது. றோசலின் வாங்கி, குசினிக் கத்தியால் பிரித்து, வாய்க்குள் வாசித்தார். ஒரு இடத்தில் நின்று மறுபடி மேலிருந்து வாசித்தார். சிவானந்தம் அவருடைய முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வழக்கு இல்ல," என்றார் றோசலின். "எழுத்துப் பிழை எண்டு போட்டிருக்கு. மூண்டையும் திருப்பித் தருவாங்களாம். மற்றதைத் தர ஏலாதாம்."

சிவானந்தம் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். கொஞ்ச நேரத்தில் கீழே யாரோ மணி அடித்தார்கள். இரண்டு பேரும் எழும்பினார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவைத் திறக்க இந்தத் தடவை சிவானந்தம் வெறுங்கையோடு போனார். கடிதம் வந்தது 2024 மார்ச் 14, வியாழக்கிழமை.