இறுக்கியும் நுரைத்த டேங்க்கும்

தையல் மெஷின் பழுது பார்க்கும் அவளுக்குக் கடைத்தெருவில் வைத்த பெயர் 'இறுக்கி'. அவள் கைக்குப் போன மெஷினில் ஆடுகிற திருகு ஒன்றுகூட மிஞ்சாது. விருந்துக்குப் போன வீட்டில் நாற்காலி ஆடியதென்று, அதில் உட்கார்ந்திருந்த பெரியவரை எழுப்பிவிட்டு, அதைக் கவிழ்த்துப்போட்டுத் திருகியவள்.

வார நாளெல்லாம் ஊசியும் பாபினும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரிமோட் ஹெலிகாப்டர். கைக்குழந்தை நீளம்தான், ஆனால் அதன் வயிற்றில் எண்ணெய் குடித்துப் புகை கக்கும் நிஜ எஞ்சின் இருந்தது. அவள் பறக்கவிடப் போகும் மைதானத்தில் மற்ற எல்லாரும் பேட்டரிக்கு மாறிவிட்டார்கள். அவள் மாறவில்லை.

அந்த எஞ்சின்தான் அவள் மானத்தை வாங்கியது. தரையில் சமர்த்தாக ஓடும். தலை உயரத்துக்கு எழும்பிக் கொஞ்ச நேரம் நின்றால், உறுமல் கீச்சென்று மெலிந்து, பொசுக்கென்று அணைந்துவிடும். இரண்டாம் முறை விழுந்தது, பறக்கவிடுபவர்கள் சங்கத் தலைவரின் காருக்குப் பக்கத்தில். தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் கார் அவருக்கு மூத்த பிள்ளை மாதிரி.

"அம்மா தாயே, வர்ற ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் ஒரு டேங்க் முழுக்க நிக்காம ஓட்டிக் காட்டு. நடுவுல அணைஞ்சா, இந்த மைதானத்துல இனிமே எஞ்சினுக்கு இடமில்ல."

"பேட்டரிக்கு மாறிடேன்மா. அது பாட்டுக்குச் சுத்தும்" என்றார் பக்கத்தில் நின்ற பல் டாக்டர்.

"மிக்ஸிகூடத்தான் அது பாட்டுக்குச் சுத்துது. அதைப் பார்க்கவா நான் வெயில்ல வந்து நிக்கிறேன்?"

வீறாப்பாகப் பேசிவிட்டு, அன்றைக்கே எஞ்சினைப் பிரித்துப் போட்டாள். பிளக்கை மாற்றினாள். எண்ணெய் கூடுதலாகப் போகட்டுமென்று எஞ்சினின் ஊசித் திருகைத் தளர்த்தினாள். குழாயைப் புதிதாகப் போட்டாள். ஒன்றும் சரிப்படவில்லை. கோபத்தில் ஒவ்வொரு நாளும் எல்லாத் திருகையும் இன்னொரு சுற்று முறுக்கினாள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் எண்ணெய் டேங்க்கைப் பட்டை போட்டுச் சட்டத்தோடு சட்டமாக இழுத்துக் கட்டினாள்.

சனிக்கிழமை கடைக்குப் பின்னாலிருந்த காலி மனையில், கிரேன் ஓட்டும் அவள் அண்ணன், இறக்கை பட்டுவிடாமல் சுவருக்கு அந்தப் பக்கம் பைனாகுலரோடு உட்கார்ந்தான். அவள் ஹெலிகாப்டரை அவன் கண்மட்டத்துக்கு எழுப்பி நிறுத்தினாள்.

"என்னண்ணா தெரியுது?"

"உன் மூஞ்சி. கடுகு போட்டா வெடிக்கும்."

"எஞ்சினைப் பாருண்ணா!"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஏய், இந்த டேங்க் என்ன, பால் பொங்குற மாதிரி நுரைக்குது? குழாய்ல குமிழி குமிழியா போகுதுடி!"

அவசரமாக இறக்கினாள். கிட்டே ஓடிப் பார்ப்பதற்குள் நுரை அடங்கி, எண்ணெய் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கிடந்தது. தரையில் மெதுவாக ஓடும்போது அதிர்வு குறைவு; நுரைக்காது. மேலே முழு வேகத்தில் சட்டம் நடுங்குகிறது. அந்த நடுக்கம் முழுவதும் டேங்க்குக்குள் இறங்கி எண்ணெயை நுரையாக அடிக்கிறது. எண்ணெய் குடிக்க வேண்டிய எஞ்சின் காற்றைக் குடித்து மூச்சடைக்கிறது. அவள் இறுக்க இறுக்க வியாதி முற்றியிருக்கிறது.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பட்டையை அறுத்தாள். டேங்க்கைச் சுற்றி ஸ்பாஞ்சு வைத்து, லேசாக நிற்கும்படி விட்டாள். விரலால் தொட்டால் அசைந்தது.

"ஆடுதேண்ணா."

"ஆடட்டும். நீ உன் கையைக் கட்டிக்கிட்டு உட்காரு."

மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாமல் இருட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் காரை மைதானத்துக்கு வெளியே, மரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். ஹெலிகாப்டர் எழும்பி நின்றது. வழக்கமாகக் கீச்சிடும் நேரம் வந்தது. உறுமல் மாறவில்லை. அந்த நேரமும் கடந்தது. அண்ணன் பைனாகுலரை இறக்காமலே கத்தினான்: "நுரை இல்ல! பாதி போயிடுச்சு!" பிறகு, "அடியில கொஞ்சம்தான் இருக்கு!"

"சரிம்மா, ஒத்துக்கறேன். இறக்கிடு" என்றார் தலைவர்.

அவள் இறக்கவில்லை. மேலே ஏற்றினாள். அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கழுத்து வலிக்கும் வரை ஏற்றினாள். திடீரென்று மைதானம் நிசப்தமானது.

"ஐயையோ, அணைஞ்சிடுச்சு!" தலைவர் கார் இருந்த பக்கம் ஓடப் பார்த்தார்.

"அணையல சார். நான்தான் அணைச்சேன்."

தாழ்வில் எஞ்சின் நின்றால் கல்லாக விழும். உயரம் இருந்தால், விழுகிற வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே இறக்கையைச் சுழற்றும். அதை நம்பித்தான் விட்டாள். ஹெலிகாப்டர் விர்ரென்று இறங்கி, தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி, மைதானத்தின் நட்டநடுவில் பூப்போல உட்கார்ந்தது.

"எஞ்சின் நின்னா என்ன ஆகும்னுதானே பயந்தீங்க? இதான் ஆகும்."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். "இடம் உண்டும்மா. கார் மட்டும் அங்கேயே இருக்கட்டும்."

பல் டாக்டர் விடவில்லை. "எல்லாம் சரி. பேட்டரின்னா இந்தத் தலைவலியே இல்லையே?"

ஹெலிகாப்டரை எடுக்கக் குனிந்த அவள் கை தானாக டேங்க்குக்குப் போனது. டேங்க் ஆடிற்று. இறுக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, அந்த எண்ணெய்க் கேனை எடு. டாக்டர் இன்னொரு தடவை பார்க்கணுமாம்."