காற்றின் மேல் போட்ட பழி

போன ஞாயிறு எங்கள் வீட்டில் இன்டர்நெட் போய்விட்டது. பாட்டு பாதியில் நின்றதும் பிள்ளைகள் போட்ட கூச்சல்... அப்பப்பா! எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பாட்டு நின்றதற்காக நான் நடுங்கிய ஒரு நாள் உண்டு.

எண்பதுகளின் கடைசி. ஜெர்மன் பேசும் வில் என்ற நகரத்தில் ஒரு தேநீர்க் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி ஃபிராவ் கெல்லர் — ஃபிராவ் என்றால் திருமதி — ஐம்பது வயது விதவை. சமையலறைக் கூரையில் பெரிய டிஷ் ஒன்று பூட்டியிருந்தார். இங்கிலாந்திலிருந்து சாட்டிலைட் வழியாக வரும் வானொலி — நாள் முழுக்கப் பழைய பாட்டு மட்டும். அந்த நகரத்துக்கு அது புதுமை. பாட்டுக் கேட்கவே ஆட்கள் கேக் சாப்பிட வந்தார்கள்!

ஒரு சனிக்கிழமை, டிஷ்ஷில் பனி நிறைந்து பாட்டு விக்கியது. ஃபிராவ் கெல்லர் விளக்குமாற்றைத் தந்து, "மெதுவாகத் தட்டும்" என்றார்.

மெதுவாகத்தான் தட்டினேன். பனி இறுகிப் போயிருந்தது. ஓங்கி ஒன்று போட்டேன். பனி விழுந்தது. டிஷ்ஷும் திரும்பிவிட்டது! உள்ளே வெறும் இரைச்சல்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"காற்று" என்றேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மன் சொற்களில் அதுவும் ஒன்று.

டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்த தொழிலாளி செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். மறுநாள் பின்னேரமோ, ஒரு தம்பதியின் இருபத்தைந்தாவது திருமண நாள். தாங்கள் இளமையில் ஆடிய பாட்டுகளுக்கு மறுபடி ஆட வேண்டும் என்று கடையையே கேட்டிருந்தார்கள்.

என் அகதி வழக்கு முடியவில்லை. எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. இது போனால்? இரவு அறைத் தோழர் மரியதாஸ் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தியாவுக்கு எதிர்க்கரையான மன்னார்க்காரர்.

"அட, இதுக்கோ அழுகிறாய்? இந்தியா டீவி பார்க்க நான் எத்தனை நாள் கூரையிலை ஏறி அன்டெனா திருப்பினனான். காலமை வாறன்."

விடிந்ததும் வந்தார், ஞாயிற்றுப் பூசைக்குப் போகும் கோட்டோடு. ஃபிராவ் கெல்லரிடம் சைகையால் அனுமதி கேட்டு ஏணியில் ஏறினார். நான் உள்ளே ரிசீவரின் பக்கத்தில்.

"தம்பி, கம்பத்திலை பழைய அடையாளம் தெரியுது. அதுக்குக் கிட்ட கொண்டுவாறன். வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை!"

"இப்ப?"

"இரைச்சல்தான்!"

"இப்ப?"

மன்னாரில் ஒரு சாண் திருப்பினால் படம் வரும். இது மயிரிழைக் கணக்கு. ஒரு மணி நேரம் கத்தினோம். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன. திடீரென்று, ஒரு வரியின் நடுவிலிருந்து, ஒரு பெண் பாடினாள்.

"ஐயோ, விடுங்கோ அண்ணை! அசைக்காதேங்கோ!"

பின்னேரம் மேசைகளை ஒதுக்கி அந்தத் தம்பதி ஆடினார்கள். கணவர் மனைவியின் காலை மிதித்தார். மனைவி சிரித்தார். நான் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு சொன்னேன்: "காற்று இல்லை, ஃபிராவ் கெல்லர். நான்தான்."

அவர் கோப்பையைத் துடைத்தபடி, "தெரியும். ஜன்னலில் நின்று பார்த்தேன்" என்றார்.

"பிறகு ஏன் துருவிக் கேட்கவில்லை?"

"நீர் பயந்துபோயிருந்தீர். பயந்த ஆளைத் துருவினால் இன்னும் பொய்தான் வரும்."

மரியதாஸ் அண்ணைக்கு என்று அரைக் கேக்கைக் கட்டித் தந்தார். திங்கட்கிழமை வழக்கம்போல வேலை. அங்கே இன்னும் ஆறு வருடம் இருந்தேன்.

ஏன் வந்தாய், எப்படி வந்தாய், யாரோடு வந்தாய் — அந்த நாட்களில் எங்களைக் கேள்வி கேட்காதவர்களே இல்லை. துருவிக் கேட்காமல் காத்திருந்த ஒருவரை எப்படி மறப்பது?