இருநூற்றுப் பதினொன்று

எங்கள் ஊரில் ஏரியில் முறை வைத்து வலை கட்டுவதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் வரிசையில் ஓர் எண் உண்டு. வலை கட்டும் இடங்கள் ஏழு. ஒரு நாளைக்கு ஏழு பேர், வரிசைப்படி ஆளுக்கோர் இடம். முகத்துவாரத்தை ஒட்டிய முதல் இடத்தில் இறால் நன்றாக விழும். ஏழாவது வெறும் சேறு.

என் தங்கையின் கணவர் காய்ச்சலில் இறந்தபோது வரிசையில் இருநூற்றுப் பதினொரு பெயர்கள். அவருடையது நூற்று அறுபதாவது. அவளுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். அவள் முறைக்குத் தானே வலை கட்டித் தருவதாகக் கொழுந்தன் சொன்னான். ஆனால் ஆண் இல்லாத வீட்டுப் பெயரை எடுத்துவிட்டு, வரிசையை முதலிலிருந்து தொடங்கலாம் என்று ஊரில் பேச்சு. அவளுக்கு வேறு வருமானம் இல்லை.

ஏலக்கூடத்தில் கூட்டம் நடந்தது. தொண்ணூற்றெட்டாம் எண்காரர்தான் அதிகம் பேசினார்.

“இருநூத்திப் பத்துன்னா இன்னா சவுரியம் பாரு! ஏழு ஏழா போனா கரெக்டா முப்பது நாள். வெரல் வுட்டு எண்ண வேணாம்.”

பலர் தலையாட்டினார்கள். இருநூற்றுப் பத்து இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு எல்லாவற்றாலும் வகுபடும். ஆபத்தே அதுதான். இருநூற்றுப் பதினொன்று பகா எண். பதிமூன்று வரை வகுத்துப் பார்த்திருக்கிறேன். ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றுதான் சுற்றுக்குச் சுற்று எங்களை அடுத்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. சேற்றில் நின்றவர் அடுத்த முறை முகத்துவாரத்துக்கு வருவார்.

“மாமா, உங்க நம்பர ஏழால வகுங்க,” என்றேன்.

“பதினாலு தபா. மிச்சமில்ல.”

“அப்ப உங்களுக்கு ஏழாவது எடம். அடுத்த மாசமும் அதான். சாவற வரிக்கும் அதான்.”

“சேத்துலயே குட்ச போட்டுக்கோ நைனா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது.

“எடத்த மாசத்துக்கு ஒண்ணு தள்ளிக்கினா போச்சு,” என்றார் அவர்.

“யாரு தள்றது, நீயா? போன தபா எடம் மாத்தப் போயி மண்ட ஒடஞ்சது மறந்துட்சா?” என்றது அதே பின்வரிசைக் குரல்.

பெயர் வரிசையிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“ஏழால வகுபடற அடுத்த நம்பர் இன்னாண்ணா?”

“இருநூத்திப் பதினேழு.”

“இன்னும் ஆறு கல்யாணம்.”

அவள் சொன்னது சரி. புதிதாகக் கல்யாணமானவர்களின் பெயர் வரிசையின் கடைசியில் சேரும். இருநூற்றுப் பதினேழு ஆனதும் எல்லோரும் அவரவர் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்று அதே மாமா சொல்வார். அன்றைக்குக் கணக்கு அவர் பக்கம் இருக்கும்.

தை மாதத்தில் இரண்டு கல்யாணம் நடந்து, வரிசை இருநூற்றுப் பதிமூன்று ஆனது. மூன்றாவது பத்திரிகையோடு பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தபோது நானும் தங்கை வீட்டில் இருந்தேன். தாம்பாளத்தை வாங்குவதற்கு முன்பே கேட்டாள்:

“புள்ள வரிசைல பேரு குடுக்கறாரா?”

“அவன் எங்க ஏரிக்கு வரான்? காட்டுப்பள்ளில துறைமுக வேல. பேரு வேணாம்னுட்டான்.”

உட்காரச் சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள்.