பத்மா அக்கா வீட்டு ஐந்தரை மணிச் சாப்பாடு

செய்தியைக் கொண்டுவந்தவள் என் மகள் கயல்தான். சாயங்காலம் வழக்கம்போல எதிர்வீட்டுக்குச் சாப்பிடப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்து எங்கள் ஸ்டேஷனரி கடை வாசலில் நின்றாள். "பெரிம்மா தூங்குது. எழுப்பினேன். சாப்பாடு போடல" என்றாள். வாங்க வந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பத்மா அக்கா கூடத்தில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கை சில்லென்றிருந்தது. மாரடைப்பு, மதியமே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

நம் தெருக்காரர்களே, உங்களுக்கு அவர் மல்லாட்டை மண்டிக்கார வீட்டம்மா, வேர்க்கடலை வியாபாரியின் மனைவி. தொண்டூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று அன்று எல்லாரும் சொன்னீர்கள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பேசினால் எப்படிப் பேசுவார் என்று நீங்கள் கேட்டதில்லை!

கயலுக்கு டவுன் சிண்ட்ரோம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலும் எடை ஏறிவிடும், கவனமாக இருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடக் கூடாதாம், அவளுக்குத் தனி வளர்ச்சி அட்டை. மாதம் ஒருமுறை எடை, வருடத்துக்கு ஒருமுறை தைராய்டு சோதனை. எல்லாம் சரி, நம் பஜாருக்கு யார் சொல்வது? இவள் சிரித்து ஒரு வணக்கம் வைத்தால் போதும், ஆளாளுக்கு எதையாவது கையில் திணிப்பார்கள். பள்ளி விட்டு வீடு வருவதற்குள் பன், போண்டா, கலர் சோடா எல்லாம் உள்ளே போயிருக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். "இன்னாம்மா, பாவம் பச்சப்புள்ள, ஒரு பன்னு குடுத்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றார். பாவம் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னோடு வந்திருந்த அக்கா முந்திக்கொண்டார். "பாசம் இருந்தா அவகிட்ட ரெண்டு வார்த்த பேசேன்பா. பன்னு இல்லன்னா உனக்கு வாய் தொறக்காதா?" அந்த மனுஷன் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அதன் பிறகு அவரே கயலைப் பக்கத்தில் நிறுத்தி, "திண்டிவனம், திண்டிவனம்" என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடப் பழக்கினார். கண்டக்டரைவிட இவள் குரல் பெரிது.

பஜார் அடங்கியது, நான் அடங்கவில்லை. எடை மிஷின் ஒன்று வாங்கி வந்து காலை மாலை அவளை ஏற்றி நிறுத்தினேன். மிக்ஸர் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரி ஒன்பதுக்குத் தோசை சாப்பிடும்போது, அவள் கதவருகே நின்று எங்கள் தட்டையே பார்ப்பாள். ஒருநாள் தலையணைக்கடியில் எறும்பு மொய்த்த லட்டு கிடந்தது. அழுதுகொண்டே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து எடை மிஷினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "டாக்டரு மாசத்துக்கு ஒரு தடவதானே பாக்கச் சொன்னாரு? மாசம் பொறந்தா வந்து வாங்கிக்கோ."

வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "சாயங்காலம் அவள எங்க வூட்டுக்கு அனுப்பு. பொழுது எறங்கிட்டா எங்க வூட்ல யாருமே சாப்ட மாட்டோம். உனக்கு மட்டும் வேணாம்னு அவகிட்ட சொல்ற வேலையே இல்ல பாரு."

அன்று தொடங்கிய ஐந்தரை மணிச் சாப்பாடு அது. சோறு அளவாக, கீரையும் காயும் நிறைய. சாப்பிட்டதும் அக்காவும் கயலும் கைகோத்துக்கொண்டு சிங்கவரம் சாலையில் நடந்துவிட்டு வருவார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அக்கா, அவர் வீட்டுக்காரர் மாமா, கயல் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து ஏதோ கதை பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கண் கயல் தட்டின் பக்கம் போகவே இல்லை. பிறகு என்னிடம், "நீ அவ சாப்பிடறத பாக்கற. அதான் வினை. அவகூட உக்காந்து சாப்டு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கடையில் கூட்டம் வருகிற நேரமே அதுதானே? கயலோ அக்கா கட்சி. ராத்திரி தோசையைத் தொட்ட தகப்பனைப் பார்த்து, "நைனா, இருட்டாயிடுச்சு, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். மாதா மாதம் எடை ஒரே நிதானத்தில் நின்றது. டாக்டர் என்னைப் பாராட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா போன பிறகு வந்த முதல் பரிசோதனை போன வாரம். நர்ஸ் எடை மிஷின் முள்ளைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, ரெண்டு கிலோ கொறஞ்சிருக்குதே! இன்னா பண்ணீங்க?" என்று சிரித்தார். எத்தனை வருடம் அந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்திருப்பேன்! அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளை சாப்பிடுவதில்லை. தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறாள்.

அன்று ஐந்து மணிக்கே கடை ஷட்டரை இறக்கினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தட்டைப் பார்க்காமல், என் சோற்றைப் பிசைந்தேன். அவள் தட்டைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. பிறகு கேட்டாள்: "பெரிப்பா சாப்டுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். மாமா தனியாக என்ன சாப்பிடுகிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குழம்புச் சட்டியோடு இருவரும் எதிர்வீட்டுக்குப் போனோம். அவர் ஜன்னலைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கயல் தானே மூன்று தட்டு எடுத்து வைத்தாள். அவர் முதல் கவளத்தை எடுத்துச் சாப்பிட்ட பிறகு அவளும் சாப்பிட்டாள்.

அக்கா, உங்கள் சாப்பாட்டு நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அந்நேரம் கடைக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் மிஷினில் ஏறும்போது என் மகளின் எடை கூடியிருக்க வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.