ஆலாவின் வயிற்றில் டீனின் விருந்து

செயில்கான் இருபத்தாறு வருஷமாகக் கால்நடைத் தீவனமும் செரிமானமும் பாடம் எடுக்கிறாள். நரின் என்ற மலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் குமட்டாதது சாணம் ஒன்றுதான். மற்றதெல்லாம், முக்கியமாக டீன் ஓமுர்ஜாக், குமட்டும்.

டீனின் முனைவர் பட்டம் மாட்டு இரைப்பையின் புளிப்பு நோயைப் பற்றியது. ஆய்வேட்டை எழுதியவள் செயில்கான். அட்டையிலிருந்த பெயர் மட்டும் அவனுடைய சொந்த உழைப்பு.

டீனுக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஊர் வழக்கப்படி இரண்டு குதிரை அறுத்து நானூறு பேருக்கு விருந்து. மிஞ்சியது ஒரு மூட்டை ரொட்டியும், எண்ணெயில் பொரித்த மாவுருண்டையும். ரொட்டியைக் குப்பையில் போடுவது மகா பாவம். மாட்டுக்குப் போட்டால் புண்ணியம். புண்ணியம் மொத்தமும் பல்கலைக்கழகத் தொழுவத்து ஆலாவின் தொட்டியில் கொட்டப்பட்டது. ஆலா, விலாவில் ரப்பர் மூடி வைத்த பசு. மூடியைத் திறந்து இரைப்பைக்குள் கைவிட்டுத்தான் மாணவர்கள் பாடம் படிப்பார்கள்.

காலையில் செயில்கான் வந்தபோது ஆலா படுத்தபடி பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது.

"குபாத், யாரு பண்ணின வேலை இது?"

"டீன் வீட்டுலேர்ந்து வந்துச்சுக்கா," என்றார் தொழுவக்காரர் குபாத். "ரொட்டியாச்சே, வேணாம்னு திருப்பி அனுப்பவா முடியும்?"

அவள் மூடியைத் திறந்தாள். மாவு உள்ளே புளித்து, ஒரு வாரம் மூடிவைத்த பீர்ப் பீப்பாயின் வாடை. தோள்வரை கையை விட்டு, கூழ்கூழாக வாரி வாளியில் போட ஆரம்பித்தாள்.

டீன் மூக்கில் கைக்குட்டையோடு வந்தான். "அக்கா, பத்து மணிக்குத் தர ஆய்வுக் குழு வருது. இந்த நாத்தத்தை மூடுங்க. பசுவைப் பின்னாடி ஓட்டி அறுத்துடலாம். மதியச் சாப்பாட்டுக்கும் ஆச்சு."

"உன் ஆய்வேட்டுல நாலாவது அத்தியாயம் என்ன சொல்லுது தம்பி?"

"அது… பொதுவா…"

"எல்லாத்தையும் வெளிய எடு, வெந்நீர்ல அலசு, சோடா உப்பு போடு, நல்ல மாட்டோட இரைப்பைத் தண்ணிய ஊத்துன்னு சொல்லுது. நீ எழுதினதாச்சே!"

அதற்குள் குழுவே தொழுவத்துக்கு வந்துவிட்டது. டீன் கைக்குட்டையை மறைத்துவிட்டு, "நேரடிச் செய்முறை வகுப்பு!" என்று முழங்கினான். தலைவருக்கு மகிழ்ச்சி. "உங்க பட்டமே இதுலதானே? நீங்களே காட்டுங்களேன்."

டீன் கோட்டைக் கழற்றினான். முழங்கைவரை போன கை, அவனுடைய பிறந்தநாள் உருண்டை ஒன்றை முழுசாக, நுரையும் கோழையுமாக வெளியே கொண்டுவந்தது. அடுத்த நொடி, காலையில் தின்ற குதிரைக்கறி அவன் வாய்வழியே வாளியில் விழுந்தது. 'ஈடுபாடு மிக்க கற்பித்தல்' என்று தலைவர் குறித்துக்கொண்டார்.

குழு சாப்பிடப் போனது. செயில்கான் மிச்சத்தை வாரி, அலசி, சோடா கரைத்து ஊற்றினாள். அறுப்புக்கூடத்திலிருந்து குபாத் வெதுவெதுப்பாகக் கொண்டுவந்த இரைப்பைத் தண்ணீரையும் ஊற்றி மூடினாள். ஆலாவின் இடது விலாவில் முஷ்டியை அழுத்திப் பிடித்தாள். இரைப்பையில் அசைவில்லை. கால் மரத்துப்போகும்வரை நின்றாள். பிறகு உள்ளேயிருந்து ஏதோ ஒன்று மெதுவாக அவள் முஷ்டியை வெளியே தள்ளியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

அலுவலகத்துப் பெண் கதவோரம் மூக்கைப் பிடித்தபடி நின்றாள். "அக்கா, குழு உங்களையும் சாப்பிடக் கூப்பிடுது. குளிச்சிட்டு வரணுமாம்."

"வரல. இவளுக்கு இப்பத்தான் ஜீரணம் ஆரம்பிச்சிருக்கு," என்றாள், முஷ்டியை எடுக்காமலே. "அவங்க பக்கத்துல உக்காந்தா எனக்கு நின்னுடும்."